மூன்று ஸ்வரத்தில் ஒரு மினுவெட்: பியானோவில் புத்தகம் இல்லாமல் வாசிக்கத் தொடங்குவது எப்படி

சில வருடங்களுக்கு முன் நவராத்திரியின்போது மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். கூடத்து மூலையில் ஒரு கீபோர்டு இருந்தது. சுண்டலைக் கையில் கொடுத்த மாமி, "நீதான் பியானோ கத்துக்கறியே, ஏதாவது வாசியேன்" என்றார். அப்போது நான் பியானோ தேர்வுகளில் ஐந்தாவது கிரேடு முடித்திருந்தேன். "புக் எடுத்துட்டு வரல மாமி" என்றேன். அவர் குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "இப்போ இவ ஸ்வரம் பாடினாளே, அதை எந்தப் புஸ்தகத்தைப் பாத்துப் பாடினா?" சற்றுமுன் பாடி முடித்த அவருடைய பெண் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கீபோர்டில் ஸ ரி க ம ப எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், இதைப் பின்பற்றலாம். நோட்ஸ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். மேற்கத்திய செவ்வியல் இசை என்றாலே எழுதி வைத்ததை அட்சரம் பிசகாமல் வாசிப்பது என்று நம் ஊரில் நினைக்கிறோம். ஆனால் பாக், மொஸார்ட், பேத்தோவன் மூவருமே தங்கள் காலத்தில் மனோதர்மத்துக்கு, அதாவது உட்கார்ந்த இடத்திலேயே கற்பனையாக வாசிப்பதற்குப் பேர்போனவர்கள். 1747-இல் பாக், பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக் கொடுத்த ஒரு மெட்டை வைத்து அரண்மனையிலேயே மூன்று குரல் ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) ஒன்றை அப்போதே கட்டி வாசித்தார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் அந்தக் காலத்தில் அநாதைச் சிறுவர்களுக்கு இசை கற்றுக்கொடுத்த நான்கு பள்ளிகள் இருந்தன. அங்கே பையன்களிடம் இடது கைக்கான வரியை மட்டும் கொடுப்பார்கள். அதற்கு மேலே வலது கை என்ன வாசிக்க வேண்டும் என்பதைப் பையன் உட்கார்ந்த இடத்திலேயே உண்டாக்க வேண்டும். பார்ட்டிமென்ட்டோ என்று அந்தப் பயிற்சிக்குப் பெயர். ஏழைப் பிள்ளைகளைப் பிழைக்க வைக்கச் சொல்லிக்கொடுத்த தொழில் அது. வரம் பெற்று வந்தவர்களுக்கு மட்டும் என்று யாரும் அதை ஒதுக்கி வைக்கவில்லை. அதனால் நமக்கும் வரும்.

முடிவிலிருந்து ஆரம்பிப்போம்

கல்பனாஸ்வரம் (ஒரு பாட்டு வரிக்கு அங்கேயே ஸ்வரம் கட்டிப் பாடுவது) பாடுகிறவர் எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் எடுப்புக்கு, அதாவது அந்த வரி தொடங்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது சபாவில் உட்கார்ந்து கேட்கிற எல்லோருக்கும் தெரியும். சேரும் இடம் தெரிந்திருப்பதால்தான் அவரால் துணிந்து அலைய முடிகிறது. பியானோவிலும் அப்படித்தான். புதிதாக வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் நன்றாகவே ஆரம்பிப்பார்கள், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே முதல் நாள் வேலை, முடிப்பதற்குக் கற்றுக்கொள்வது.

ஒரு கட்டை ஸ்ருதியில் உட்காருங்கள், அதாவது ஸி-தான் நம் ஸ. ஏழு வெள்ளைக் கட்டைகளும் சேர்ந்து சங்கராபரண ராகம். வலது கைக்குக் கீபோர்டின் நடு ஸி-யை ஸ-வாக வைத்துக்கொள்ளுங்கள், இடது கைக்கு அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் ஸ. இப்போது இதை வாசியுங்கள்:

வலது கை: ரி ஸ நி | ஸ
இடது கை: ம ப ப | ஸ

வலது கையின் நி, நடு ஸி-க்கு அடுத்து இடது பக்கம் இருக்கும் கீழ் நி. இடது கையில் இரண்டாவது ப மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. ரி-யை நடுவிரலால் எடுத்தால், ஸ ஆள்காட்டி விரலுக்கும் நி கட்டைவிரலுக்கும் தானாக வந்துவிடும்.

மெதுவாக, ஒவ்வொன்றாக அழுத்திக் கேளுங்கள். இரண்டாவது அடியில் நின்று பாருங்கள். கீழே ப, மேலே ஸ. தனித்தனியாக இரண்டுமே நமக்குச் சொந்தமான ஸ்வரங்கள், தம்பூராவிலேயே இரண்டும் சேர்ந்துதான் ஒலிக்கின்றன. ஆனால் ப அடியில் இருக்கும்போது மேலே இருக்கும் ஸ-வுக்கு ஒரு இழுப்பு வந்துவிடுகிறது. இறங்கியே ஆக வேண்டும் போல் இருக்கும். அது நி-க்கு இறங்கியதும் அந்த இறுக்கம் தளர்கிறது. ஆனால் நி-யும் தங்கும் இடமில்லை, அது மேலே ஸ-வைப் பார்க்கிறது. நாலாவது அடியில் இரண்டு கைகளும் ஸ-வுக்கு வந்ததும் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றின மாதிரி இருக்கும். மொஸார்ட் காலத்து இசையில் பாதி இந்த இழுப்பும் தளர்வும்தான் என்று நான் சொல்வேன். இதற்குக் கேடன்ஸ் என்று பெயர். இந்த ஒன்றை இருபது முப்பது தடவை வாசித்து, கண்ணை மூடிக்கொண்டும் வரும்படி செய்துகொண்ட பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஒரு நாள் முழுக்க இதற்கே செலவானாலும் பரவாயில்லை.

மூன்று ஸ்வரம்

முடிவு கையில் இருக்கிறது. இனி விதை. ப ம க என்ற மூன்றை எடுத்துக்கொள்ளலாம். தாளம் தகிட, தகிட என்று மூன்று. மினுவெட் என்ற பழைய நடனத்தின் நடை இது.

மூன்றே ஸ்வரத்தை வைத்து எட்டு அளவுக்கு (ஒரு தகிட ஓர் அளவு) எப்படி ஓட்டுவது? சின்ன வயதில் பாட்டு வகுப்பில் அலங்கார வரிசை பாடியவர்களுக்கு வழி ஏற்கெனவே தெரியும். ஏக தாளத்தில் 'ஸரிகம, ரிகமப' என்று ஒவ்வொரு படியாக ஏறுவோமே, அதே படிக்கட்டுதான். இங்கே மூன்று மூன்றாக, இறக்கத்தில். ப ம க, ம க ரி, க ரி ஸ. நாலாவது அளவில் ரி-யில் போய் நிறுத்திவிடுங்கள், இடது கையில் ப. முடிந்தும் முடியாத மாதிரி நிற்கும். அது கேள்வி. பிறகு மறுபடி ப ம க என்று ஆரம்பித்து, முதலில் கற்றுக்கொண்ட கேடன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது பதில்.

கேள்வி:
வலது கை: ப ம க | ம க ரி | க ரி ஸ | ரி – –
இடது கை: ஸ – – | நி – – | ஸ – – | ப – –

பதில்:
வலது கை: ப ம க | ப ம க | ரி ஸ நி | ஸ – –
இடது கை: ஸ – – | க – – | ம ப ப | ஸ – –

கோடு (–) இருக்கும் இடத்தில் முந்தைய ஸ்வரத்தை அப்படியே நீட்டுங்கள். இடது கையில் இரண்டாவது அளவில் வரும் நி, ஸ-வுக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் நி.

இதில் ஐந்தாவது, ஆறாவது அளவுகளைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வலது கை அதே ப ம க-வை இரண்டு தடவை வாசிக்கிறது. கீழே முதலில் ஸ, அப்புறம் க. மேலே ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, ஆனால் இரண்டாம் தடவை கதவு திறந்த மாதிரி வேறு இடத்துக்குப் போய்விட்டது. இடது கை க ம ப என்று ஏற ஆரம்பித்ததுமே, முடிக்கப் போகிறோம் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. என் அனுபவத்தில், வாசிப்பவருக்கு ஆசை பிடிக்கும் இடம் இதுதான். மெட்டைப் புதிதாக யோசிக்க முடியாத நேரத்தில் அடி ஸ்வரத்தை மாற்றிப் பார்த்தாலே போதும்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60-இல் வைத்துத் தொடங்குங்கள். கைகளைத் தனித்தனியாகப் பழகிவிட்டுச் சேருங்கள். விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டும் சஸ்டெய்ன் பெடலை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். அது எல்லாவற்றையும் குழப்பி அழகாகக் காட்டும், என்ன நடக்கிறது என்று காதுக்குத் தெரியாமல் போய்விடும்.

இனி உங்கள் கைவரிசை

இந்த எட்டு அளவு ஒரு எலும்புக்கூடு. மனோதர்மம் இனிமேல்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும்.

முதல் மாற்றம் நடையில். ஜண்டை வரிசை மாதிரி பப மம கக என்று இரட்டிக்கலாம். ப-வில் இரண்டு அடி நின்று, மூன்றாவது அடியில் ம க-வை வேகமாகச் சொல்லலாம். அடுத்தது, ஸ்வரத்தைச் சுற்றிப் போவது. ப என்று நேராக வைக்காமல் பதப என்று பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் பியானோவில் வராது, கட்டையை அசைக்க முடியாது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். இந்த இசைக்கு அலங்காரமே வேறு. ஸ்வரத்துக்கு மேல் ஸ்வரத்தை ஒரு கணம் தொட்டு இறங்குவது, நி-யில் முடிக்கும் முன் ஸநிஸநி என்று டிரில் அடிப்பது, இதெல்லாம் அதற்கென்று இருப்பவை.

இடது கை வெறும் ஒற்றை ஸ்வரமாக இருப்பது கொஞ்ச நாளில் வறட்சியாகத் தோன்றும். அப்போது உடைத்து வாசியுங்கள். ஸ இருக்கும் இடத்தில் ஸ க ப. நி இருக்கும் இடத்தில் நி ரி ப. ப-வுக்குப் ப நி ரி. க-வுக்குக் க ப ஸ. ஏழாவது அளவில் மட்டும் பழையபடி ம ப ப என்றே விட்டுவிடுங்கள், அங்கே தெளிவு முக்கியம். நாலு அடித் தாளமாக இருந்தால் ஸ ப க ப என்று வாசிப்பார்கள். 1788-இல் 'தொடக்க நிலையினருக்கு' என்று குறிப்பிட்டு மொஸார்ட் எழுதிய ஸி மேஜர் சொனாட்டாவின் இடது கை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. இதை ஓயாமல் பயன்படுத்திய வெனிஸ்காரர் டொமினிகோ ஆல்பர்ட்டியின் பெயரால் இதை ஆல்பர்ட்டி பேஸ் என்பார்கள்.

சோகமாக வேண்டுமா? க-வை மட்டும் பக்கத்துக் கருப்புக் கட்டைக்கு, சாதாரண காந்தாரத்துக்கு இறக்குங்கள். இரண்டு கையிலும். வேறு எதையும் தொட வேண்டாம். எட்டு அளவும் அப்படியே மைனருக்கு மாறிவிடும். நம் எலும்புக்கூட்டில் த வரவேயில்லை என்பதால், இது கீரவாணி ராகமா கௌரிமனோஹரியா என்பது இன்னும் முடிவாகவில்லை. த-வை நீங்கள் எங்கே தொடுகிறீர்களோ அதைப் பொறுத்தது. இதை முதன்முதலில் கண்டுபிடித்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த அறைக்குக் கேட்காமல் ஹெட்ஃபோனில் இரவு பதினொரு மணி வரை அதையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு மாற்றம், ராகத்துக்குப் பழகிய காதைக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். கேள்வியின் மூன்றாவது அளவில் க ரி ஸ-வுக்குப் பதிலாக த ப ம என்று வாசியுங்கள், ஆனால் அந்த ம பிரதி மத்யமம், ம-வுக்கும் ப-வுக்கும் நடுவில் இருக்கும் கருப்புக் கட்டை. இடது கை ரி. நாலாவது அளவில் இரண்டு கையும் ப. சங்கராபரணத்தில் கல்யாணி மத்யமமா என்று கை தயங்கும். கச்சேரியில் அது பிழைதான். இங்கே அது வாசல். அந்த ஒரு ஸ்வரத்தால் ப-வே கொஞ்ச நேரம் ஸ-வாக மாறிவிடுகிறது. பதிலில் பழைய ம திரும்பி வந்ததும் நாமும் திரும்பி வந்துவிடுகிறோம். கிரகபேதம் (ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸ-வாக வைத்து இன்னொரு ராகத்தைக் காட்டுவது) கேட்டு ரசித்தவர்களுக்கு ஆதாரம் நகரும் சுகம் புதிதில்லை. அங்கே ஸ்வரங்கள் அப்படியே இருக்க ஆதாரம் நகர்கிறது, இங்கே ஒரு ஸ்வரத்தையும் சேர்த்து மாற்றுகிறோம், அவ்வளவுதான் வேற்றுமை.

கை தப்பினால்

தப்பும். பயப்பட ஒன்றுமில்லை. ஸ க ப ஒலிக்கும்போது மீதி இருக்கும் நாலு வெள்ளைக் கட்டைகளுமே இந்த மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தப்பாக விழுந்த விரல் ஒரு கட்டை நகர்ந்தால் சரியான இடத்துக்கு வந்துவிடும். அப்படி நகர்ந்ததையே அடுத்த அளவிலும் வேண்டுமென்றே ஒரு தடவை செய்துவிட்டால் அது தவறாகவே கேட்காது, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி மாதிரி ஆகிவிடும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள், நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தாளம் போய்க்கொண்டே இருக்கட்டும். எங்கே தடுமாறினாலும் இடது கையைக் க-வுக்குக் கொண்டுபோய் க, ம ப ப, ஸ என்று முடித்துவிடலாம். முடிவை முதலில் படித்ததற்கு இதுதான் பலன்.

எட்டு அளவு போதாது என்றாகும்போது

இரண்டு மூன்று வாரத்தில் அந்த நிலை வரும். அப்போது இந்த நீளமான அடி வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

வலது கை: க ரி ஸ நி | த ப த நி
இடது கை: ஸ ப த க | ம ஸ ம ப

பாகெல்பெல்லின் கேனன் இந்த அடி வரியின் மேல்தான் (அவர் எழுதியது டி மேஜரில்) சுற்றிச் சுற்றி வருகிறது. வலது கை படி இறங்க, இடது கை தாண்டித் தாண்டி இறங்குகிறது. கடைசி நி-க்குப் பிறகு ஸ-வில் முடிக்கலாம், அல்லது மறுபடி க-வுக்கு ஏறிச் சுற்றலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் வலது கையில் ஒரு மாற்றம் செய்து பார்த்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதர் இளமையில் மணலியில் இருந்தபோது புனித ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியத்தில் மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம், அதாவது பாட்டு வரிகள் செய்தவைதான் நோட்டுஸ்வரங்கள். 'சக்தி ஸஹித கணபதிம்' பாடாத பாட்டு வகுப்பு உண்டா? எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல் நேராக நிற்பவை. பியானோவின் கட்டைகளில் அப்படியே உட்காரும். தெரிந்த ஒரு நோட்டுஸ்வரத்தை வலது கையில் வைத்துக்கொண்டு, கீழே ஸ, ம, ப மூன்றில் எது பொருந்துகிறது என்று காதால் தேடுங்கள். நேப்பிள்ஸ் பையன்கள் அடி வரிக்கு மேல் மெட்டைத் தேடினார்கள், நீங்கள் மெட்டுக்குக் கீழே அடி வரியைத் தேடுகிறீர்கள். காது தேறுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

எதில் வாசிப்பது

இது பற்றி நிறையப் பேர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிஜப் பியானோ கிடைத்தால் பாக்கியம். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மரம் உப்பும், திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், அடிக்கடி ட்யூன் செய்ய ஆள் கூப்பிட வேண்டும். தொடங்குகிறவருக்கு 61 கட்டை கீபோர்டே தாராளம். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் கேள்வியை மெல்லவும் பதிலை அழுத்தமாகவும் சொல்ல அது வேண்டும். கடைக்குப் போய் வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இருக்கிறது, நேரில் தொட்டுப் பார்க்கலாம். கீபோர்டில் வரும் ஆட்டோ ரிதத்தை மட்டும் அணைத்து வையுங்கள். அது இடது கையின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும்.

கிரேடு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது படிப்பைக் கெடுக்காது. லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வில் துணைத் தேர்வாக இம்ப்ரவைசேஷனையே (மனோதர்மத்தையே) தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. அது இல்லையென்றாலும், கேடன்ஸ் கையில் ஊறிய பிள்ளைக்குப் புதுப் பாடத்தை மனப்பாடம் செய்வது எளிதாகிவிடும், அடுத்து எங்கே போகும் என்று காதே சொல்லிவிடும்.

தினமும் இருபது நிமிடம் வாசியுங்கள். முதல் ஐந்து நிமிடம் கேடன்ஸ் மட்டும். அடுத்தது எட்டு அளவு, அன்றைக்கு ஒரு மாற்றத்தோடு. கடைசிச் சில நிமிடங்களை போனில் பதிவு செய்து மறுநாள் காலை கேளுங்கள். வாசிக்கும்போது பிடிக்காமல் போனது பல சமயம் மறுநாள் நன்றாக இருக்கும். அதிலிருந்து பிடித்த ஒரு துண்டை எடுத்து அன்றைய விதையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கை வந்த பிறகு விதையை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள். நமக்கு வசதியான ஸ்வரங்களைத்தான் விரல் தேடிப் போகும். வீட்டில் இருப்பவர்களை மூன்று ஸ்வரம் சொல்லச் சொல்லுங்கள். போன மாதம் எதிர் ஃபிளாட் பையனிடம் கேட்டேன். பாட்டு வகுப்புக்குப் போகிறவன், வேண்டுமென்றே கடினமாகக் கொடுத்தான்: "த, நி, ரி. வாசிங்க அங்கிள்!" ஒரு நிமிடம் விரல் ஓடவில்லை. ஸ இல்லை, ப இல்லை, ஆரம்பிக்க ஒரு பிடியும் இல்லை. அப்புறம் பழக்கத்தில் இடது கை ம ப ப-வுக்குப் போனது. ம-வுக்கு மேல் த, ப-வுக்கு மேல் நி, கீழ் ப-வுக்கு மேல் ரி. கச்சிதமாகப் பொருந்தியது, அடுத்து ஸ-வைத் தவிர வேறு எங்கும் போக முடியாது. அவன் கொடுத்தது ஆரம்பம் இல்லை, முடிவு. அதைக் கடைசி அளவில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து அதற்கு முன்னால் என்ன வரலாம் என்று ஒவ்வொரு அளவாகப் பின்னோக்கித் தேட ஆரம்பித்தோம்.